'சாமி' படம்: நிறையும் குறையும்
(ஒரு சிறு ஆய்வு)



பட்டறையில் ஒரு ஜாப் முடித்தால், பளபளன்னு இருக்கு என்பதற்காக யாரும் மார்க் போடுவதில்லை. வெர்னியர் வைத்து அளப்பார்கள். ஒரு சினிமாவையும் அப்படி அளந்தால் என்ன? நான் எடுத்துக்கொண்ட படம், நம்ம திருநெல்வேலியிலேயே கதை நடக்கும் 'சாமி'. 2003 மே மாதம் வந்தது. இயக்கம் ஹரி, இசை ஹாரிஸ் ஜெயராஜ். விக்ரம், த்ரிஷா, விவேக், கோட்டா சீனிவாச ராவ் நடித்தது. அடிதடியும் சிரிப்பும் கலந்த படம்.

நிறைகள்:

1. வேகம். கொட்டாவி விட நேரமே கிடையாது. தெலுங்கு (2004), கன்னடம் (2005), இந்தி (2013) என்று பல மொழிக்குப் போனதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

2. கதாநாயகன் ஒரேயடியாக உத்தமன் இல்லை. துணை கமிஷனர் ஆறுச்சாமி ஆரம்பத்தில் பெருமாள் பிச்சையிடம் மாமூல் வாங்குகிறார். அப்படிப்பட்டவர் பிறகு அவனையே எதிர்த்து நிற்கும்போது கதை சூடு பிடிக்கிறது.

3. மறைந்த நடிகர் விவேக்கின் நகைச்சுவை. சிரிக்க வைத்துக்கொண்டே சாதி வேற்றுமையையும் குத்திக் காட்டுகிறார்.

குறைகள்:

1. அந்தச் சிரிப்பு பல இடங்களில் கதையோடு ஒட்டாமல் தனித் தண்டவாளத்தில் ஓடுகிறது.

2. த்ரிஷாவுக்குக் காதலும் பாட்டும் தவிர வேலை குறைவு.

3. இதுதான் பெரிய குறை. முடிவில் வில்லன் கோர்ட்டுக்குப் போகவில்லை. போலீஸ்காரரே தீர்ப்பு எழுதி, தண்டனையும் கொடுத்து, சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார். நாமும் விசிலடிக்கிறோம். சிரிப்பும் வேகமும் சேர்ந்து நம்மை யோசிக்க விடுவதில்லை. படத்தின் நிறையே இந்தக் குறையை மூடி மறைக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டி.வி.யில் இந்தப் படம் போட்டால் அப்பா கை தட்டிப் பார்ப்பார். அதே அப்பா, சொந்த சைக்கிள் திருட்டுப் போனபோது, "ஸ்டேஷன் பக்கம் போக வேண்டாம்லே, நம்மளையே உக்கார வச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனு கொடுக்கவும் பயம். திரையில் போலீஸைக் கும்பிடுகிறவர், நிஜத்தில் போலீஸைக் கண்டு ஒதுங்குகிறார். ஏன்?

பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. அதற்கு நான்கு வருடம் கழித்து வந்த படத்தில் அந்த ஆற்றின் துயரம் இல்லை. 2020 ஜூனில், பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் இறந்தார்கள். அப்போது இயக்குநர் ஹரியே, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். தன் வேலையைத் தானே அளந்து பார்த்துத் தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே நாலு தடவை பார்த்தவன்தான்! ரசிப்போம், சிரிப்போம். ஆனால் விசிலடிக்கும் முன் ஒரு நிமிடம் நினைப்போம்: விசாரணையே இல்லாமல் சுடப்படும் அந்த ஆள், நாளைக்கு ஒரு தப்பும் செய்யாத நம்ம அப்பாவாக இருந்தால்?

சிந்திப்போம் தோழர்களே!