அம்மாவோடு ஓர்வியெட்டோ

கேள்வி: ரோமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ஒரு மலையுச்சி நகரம் சொல்லுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, ஏற்றம் ஆகாது.

பதில்: தயங்காமல் ஓர்வியெட்டோ போங்கள். ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் அடிவாரத்தில் இருக்கிறது. எதிரிலேயே இழுவை ரயில். மேலே இறங்கினால் கதீட்ரல் வரை பஸ் உண்டு.

1290-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கதீட்ரலுக்கே பாதி நாள் ஒதுக்குங்கள். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் பிறப்பது முகப்புச் சுவரின் கீழ்ப்பகுதியிலேயே செதுக்கியிருக்கிறது. அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டாம். உள்ளே லூகா சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்கள். இறந்தவர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள். சிலர் இன்னும் வெறும் எலும்புக்கூடு. உடம்பை இவ்வளவு அறிந்து வரைந்தவர்கள் குறைவு.

1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அஞ்சி வெட்டச் சொன்ன கிணறு இழுவை ரயிலடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்க ஒரு சுழல் பாதை, ஏற இன்னொன்று; தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாது. 248 படிகள். திரும்பும்போது நீங்கள் மட்டும் இறங்கிப் பாருங்கள். அம்மா மேலே பூங்காவில் உட்கார்ந்திருக்கட்டும்.