மேல என்றால் எந்தப் பக்கம்?

மேலநீலிதநல்லூர்

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

கொரியா நாடகம் பார்த்துவிட்டு, 'சியோல் என்றால் என்ன அர்த்தம் மாமா?' என்று கேட்டிருந்தாய். தலைநகரம், அவ்வளவுதான். நம் பெரியவர்கள் சென்னைக்குப் போவதைப் 'பட்டணம் போறேன்' என்பார்களே, அந்த மாதிரி. எனக்கு ஒரு சின்ன வருத்தம்: பிறந்த ஊர்ப்பேருக்கு அர்த்தம் என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர்ப்பேரை வாலிலிருந்து படிக்க வேண்டும். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பனவடலிச்சத்திரம், வன்னிக்கோனேந்தல், தேவர்குளம் என்று வரும். வடலி என்றால் இளம் பனை. அடிமரம் இன்னும் எழும்பாமல், மட்டை தரையோடு விரிந்து நிற்கும். ஆடு மேய்க்கிற பையன் நிழலுக்கு ஒண்டிக்கொள்வான். சத்திரம், வண்டி கட்டிப் போனவர்களும் நடந்து போனவர்களும் ராத்தங்கிய இடம். ஏந்தல் என்பது மழைத்தண்ணீரை ஏந்தி நிற்கிற குளம். மலைக்கு மழைமறைவில் கிடக்கிற நம் பக்கத்தில் குளத்தை வெட்டினால்தான் குடியிருக்கலாம். அதனால் குளத்தின் பேரே ஊருக்கும் ஆயிற்று. தாமிரபரணிப் பக்கம் போய்ப் பார், அங்கே குளமே 'சமுத்திரம்' ஆகிவிடும்: அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம். தண்ணீர் பெருத்த இடத்தில் வாயும் பெருத்துவிடும் போல.

இனி நம்மூர். 'மேல' என்றால் உசத்தி என்று நினைத்துக் கீழநீலிதநல்லூர்க்காரர்களிடம் வம்பு வளர்க்காதே. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மழை விட்டதும் தெருத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருப்பாய். மேற்கே மலை, கிழக்கே கடல். மேடான பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. நம் திசைச்சொல்லே வாட்டம் பார்த்து வைத்ததுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. நியாயப்படி அங்கே பேர் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? மேற்கைப் 'படிஞ்ஞாறு', ஞாயிறு படுகிற பக்கம், என்கிறார்கள், சரி. ஆனால் மலை நிற்கிற பக்கத்தை இன்றும் 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் இடையன்குடிக்கு 1841இல் வந்து தங்கிய பாதிரியார் கால்டுவெல் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மலையாள மொழி மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனது என்று வாதாடினார்.

நல்லூர் என்பது பெரும்பாலும் புதிதாக ஏற்படுத்திய குடியிருப்புக்கு வைத்த பேர். இடையில் இருக்கிற 'நீலித'வுக்கு 'நீலி தந்த' என்று யாராவது கதை கட்டினால், எந்தக் கல்வெட்டில், எந்தப் பத்திரத்தில் அப்படி இருக்கிறது என்று கேள். நம் தாலுகாவிலேயே கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. கரி, அதாவது யானை, வலம்வந்ததால் அந்தப் பேர் என்பார்கள். அதிவீரராம பாண்டியர் பாடியதாகச் சொல்கிற அந்தாதியில் அது திருக்கருவை. எனக்கென்னவோ யானை பிறகு வந்ததாகத்தான் தோன்றுகிறது.

பேரை மாற்றுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கொரியாவில் சில்லா அரசர் கியோங்தொக் 757இல் நாட்டு ஊர்ப்பேர்களைச் சீன எழுத்துக்கு ஏற்ப மாற்றினார். அங்கே தேஜோன் என்கிற பெருநகரம் நாட்டுவழக்கில் 'ஹன்பத்', அதாவது பெரிய வயல். தேஜோன் அதன் சீனச் சொல்வடிவம். நம்முடைய முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இதே வேலைதான். வடமொழியில் விருத்தம் முதுமை, அசலம் குன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பேர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை வெளியிட்டது. வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆயிற்று. ஊரே சிரித்தது, சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

ராஜவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள். அதற்கு முன்னால் ஒரு வேலை. லீவுக்கு வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வா. நம் புஞ்சை ஒவ்வொன்றுக்கும், குளத்து மடை ஒவ்வொன்றுக்கும் ஆச்சி ஒரு பேர் சொல்வாள். அதெல்லாம் செல்போன் வரைபடத்தில் கிடையாது. அவள் சொல்கிறபடியே எழுது, திருத்தாதே.

அன்புடன்,
மாமா