உமரிக்குச் சீட்டு எழுதுவது

ஆறுமுகநேரி

அன்புள்ள தம்பி,

"ஹெர்பேரியப் பட்டியல்ல நம்ம ஊர்ப் பேரே இல்லையே சார், அப்ப இங்க உமரிச் செடி கிடையாதா?" என்று உப்பளத்து வரப்பில் நின்று கேட்டாய். உன் செருப்புக்கடியில் உமரி நசுங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் உமரிக்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறதப்பா! இரண்டு நாளாக எரிச்சல் அடங்கவில்லை, எழுதுகிறேன்.

செடியைக் காயவைத்து ஒட்டிய ஹெர்பேரியத் தாள் ஒன்றைத்தான் சொல்லும்: இன்ன நாளில் இன்ன இடத்தில் ஒருவர் இதைப் பறித்தார். அவர் போகாத இடத்தைப் பற்றி அது வாய் திறக்காது. 1830களில் பாளையங்கோட்டையில் ராணுவ மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், குற்றாலத்துச் செடிகளைச் சேர்த்தவர். சாரல் கூப்பிடும்போது உப்பளத்து வெயிலுக்கு யார் வருவார்?

உமரியும் லேசில் படியாது. சாலிக்கோர்னியா என்கிற இந்த உமரிக்கு இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. நீர் கோத்த கணுக்கள்தான், பூவும் அதற்குள்ளேயே புதைந்திருக்கும். அழுத்திவைத்தால் நாள்கணக்கில் காயாது, காய்ந்தால் கணுக்கணுவாகக் கழன்றுவிடும். நான் முதலில் காயவைத்ததைப் பிரித்தபோது மிஞ்சியது ஒரு பிடி கருப்புத் துணுக்கு. முற்றிய செடியின் செக்கச்செவேல் நிறமும் போய்விட்டது. ஆகவே நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுது. வரப்பா, பாத்தி ஓரமா, தண்ணீர் எதுவரை நின்றது, எல்லாம் எழுது. குட்டி இலையுள்ள சுவேடா என்ற வேறு செடியும் ஊர்வாயில் உமரிதான். கீரையாகச் சமைப்பது அதை. வெறும் "உமரி" என்று எழுதிய சீட்டை அடுப்பில் போடலாம்.

செடிக்கு ஊரார் சொல்லும் பெயரை விட்டுவிடு என்று சொல்லவில்லை. தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ராட்லர் செடியும் சேர்த்தார், சொல்லும் சேர்த்தார். அவருடைய தமிழ் அகராதி 1834இல் அச்சேறத் தொடங்கியது. முடியுமுன் 1836இல் காலமானார். செடிகள் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. அந்த அகராதியைப் பிரித்தால் எனக்கு மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

உன் "கிடையாதா"வுக்கு இன்னொரு பதில்: அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வறண்ட புதர்வெளியில் லெபிடியம் பாப்பிலிஃபெரம் என்றொரு கடுகுக் குடும்பத்துச் செடி, உவர்த்திட்டுகளில் முளைப்பது. அதன் விதை 12 ஆண்டுவரைகூட மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மழை பொய்த்த வருஷம் போய் "இல்லை" என்று எழுதுகிறவன் அதன்மேல்தான் நின்றுகொண்டிருப்பான், உன்னைப் போல.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வா. அளக்காரரிடம் சொல்லிவைக்கிறேன். பழைய செய்தித்தாள் இரண்டு கட்டு வேண்டும்; வழவழப்பான விளம்பரத் தாள் ஈரம் குடிக்காது, அதைக் கொண்டுவராதே. கழன்ற கணுக்களைப் போட்டுத் தாளோடு ஒட்ட, காகித உறையும் நாலைந்து எடுத்துக்கொள்.