தொலைதூர வானொலி நிலையங்கள் பற்றிய உடனடி அறிக்கைகள்

3 முதல் 30 மெகாஹேட்ஸ் வரையான மீடிறனுடைய வானொலி அலைகள் அயன மண்டலத்தில் முறிவடைந்து மீண்டும் புவிக்குத் திரும்புவதால் கடல் கடந்தும் கேட்கின்றன. ஆயினும் அம்மண்டலம் ஒரே நிலையில் இருப்பதில்லை. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் அயனாக்கம் மாறுவதால் சில பாதைகள் சில நிமிடங்களே திறந்திருக்கும். நேற்றைய செய்தியால் இன்று பெரும் பயனில்லை.

எனவே அமெச்சூர் வானொலியாளர்கள் தாம் கேட்டதை உடனுக்குடன் அறிவிக்கின்றனர். கேட்ட நிலையத்தின் அழைப்புக்குறி (இலங்கை நிலையமாயின் 4எஸ் எனத் தொடங்கும்), மீடிறன், சர்வதேச நியம நேரம், அறிவிப்பவரின் அழைப்புக்குறி என்பன அறிக்கையில் இருக்கும். அந்நேரத்துடன் 5½ மணித்தியாலம் கூட்டினால் இலங்கை நேரம் கிடைக்கும்.

1980களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் கணனிகளை வானொலி மூலமே இணைத்து இவ்வறிக்கைகளைப் பரிமாறினர். இணையம் பின்னரே வந்தது. 1993 இல் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெயிலர், 2008 இல் விஸ்பர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். சில உவாற்று வலுவுடன், ஏறத்தாழ 2 நிமிடம் அனுப்பப்படும் சைகையை உலகெங்குமுள்ள வாங்கிகள் பதிந்து தாமாகவே அறிவிக்கும்.

வினா: பிரேசில் நிலையமொன்றைக் கேட்டதாக ஜப்பானிலுள்ள ஒருவர் அறிவிக்கிறார். அது உங்களுக்கும் கேட்குமா?

விடை: நிச்சயமில்லை. அறிக்கை அவரிருக்கும் இடத்துக்கும் அந்த வேளைக்குமே உரியது. அழைப்புக்குறியைப் பிழையாகக் கேட்டு அறிவிப்பதும் உண்டு.

குறிப்பு: அறிக்கை வரவில்லை என்பதால் பாதை மூடியுள்ளது என எழுத வேண்டாம். அவ்வேளை ஒருவரும் அனுப்பாமலோ கேட்காமலோ இருந்திருக்கலாம்.