போர்வைக்குள் அடைபட்ட காற்று

குளிர் மிகுந்த இரவில் கனத்த போர்வைக்குள் புகுந்து படுத்தால் சிறிது நேரத்தில் கதகதப்பாகிவிடுகிறது. இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? போர்வையிலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். போர்வைக்குள் அடுப்பு ஏதும் எரியவில்லையே! உறங்கும் மனித உடல்தான் ஏறத்தாழ 70 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அது அறைக்குள் பரவி வீணாகாமல் தடுப்பது மட்டுமே போர்வையின் வேலை.

குளிர் நாடுகளில் இதற்கு வாத்துகளின் தூவியைப் பயன்படுத்தினார்கள். தூவி என்பது பறவையின் மேல் இறகுகளுக்கு அடியில், உடலை ஒட்டி வளரும் மெல்லிய இறகு. (சங்க நூலான நெடுநல்வாடையில் அரசியின் கட்டில்மீது விரித்திருப்பதும் அன்னத்தின் தூவியால் ஆன அணையே.) இதை இரண்டு துணிகளுக்கு நடுவே அடைத்துத் தைத்தால் ‘கம்ஃபர்ட்டர்’ எனப்படும் போர்வை கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நல்ல தூவி 28 கிராம் எடுத்து அழுத்தாமல் விட்டால் ஏறக்குறைய 10 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். தூவி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம். ஆகவே தூவியின் உண்மையான பருமன் 22 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மீதியெல்லாம் என்ன? காற்று! நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் காற்றைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். காற்று வெப்பத்தை மிக அரிதாகக் கடத்தும் பொருள். ஆனால் அது நகர்ந்தால் வெப்பத்தையும் எடுத்துச் சென்றுவிடும். தூவியின் நுண்ணிய கிளைகள் அதை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன.

அப்படியானால், காற்றைப் பிடித்து வைக்கும் வேறு எந்த மெல்லிய இழையும் தூவியின் வேலையைச் செய்யலாம் அல்லவா? செய்யும். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழை இதற்கு வாய்த்தது. சுருள் சுருளாக்கிய அந்த இழை, அழுத்திவிட்டாலும் மீண்டும் எழும்பும்.

தூவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டுவிடும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மலையிலும் பனியிலும் இது உயிருக்கே ஆபத்து. 1980-களில் அமெரிக்கத் தரைப்படை, நனைந்தாலும் கைவிடாத மாற்றுப் பொருளை நாடியது; அதற்காக உருவாக்கப்பட்டதே ‘பிரிமாலாஃப்ட்’ என்னும் மிக நுண்ணிய பாலியெஸ்டர் பஞ்சு.

நமது இலவம் பஞ்சும் தூவிக்கு ஒரு மாற்றுத்தான். அதன் இழை உள்ளே குழலாக இருக்கிறது. மேலே மெழுகுப் பூச்சு. அதனால் நீரில் மிதக்கும். ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தார்கள். ஆனால் அதில் துள்ளும் தன்மை குறைவு. நாள்பட்டால் அமுங்கிப்போகும், துவைத்தாலோ கெட்டியாகிவிடும்.

வீட்டுக்குப் போர்வை வாங்கும்போது எடையைக் கண்டு ஏமாறக் கூடாது. கையால் நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். உடனே பொங்கி எழுந்தால் நல்லது. தையலையும் கவனியுங்கள். தையல் ஓடும் இடத்தில் பஞ்சு இல்லை, காற்றும் இல்லை. அதன் வழியே குளிர் தெரியும். கட்டம் கட்டமாகத் தைக்காவிட்டாலோ பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். தூசிப் பூச்சியால் இழுப்பு வருபவர்களுக்கு, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம் என்று சீட்டில் அச்சிட்ட பாலியெஸ்டர் போர்வையே ஏற்றது. அந்தச் சூட்டில் பூச்சிகள் மடியும். நெடுநாள் உழைப்பதில் தூவியே இன்னும் முந்துகிறது.

சோதித்துப் பார்க்க விரும்புவோர் ஒரே மாதிரியான மூன்று தம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். மூன்றுக்கும் ஒரே எடைப் பஞ்சு. முதல் தம்ளரில் தளர்வாகச் சுற்றுங்கள். இரண்டாவதில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மூன்றாவதில் நனைத்துச் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் அளந்து, மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். வெந்நீரை ஊற்றும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.