குரைக்கிற நாயும் கடிக்கும்

திருச்சி பெல் ஆலையோடு சேர்ந்து எழுந்த குடியிருப்பு கைலாசபுரம். குவார்ட்டர்ஸைச் சுற்றி இடம் இருக்கிறது, மர நிழல் இருக்கிறது. அதனால் லாப்ரடாரோ, பொமரேனியனோ, தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாயோ பல வீட்டு கேட்டுகளுக்குப் பின்னால் நிற்கிறது. பிரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாயைப் பற்றி வழிவழியாக நம்பி வருவதில் பல தவறானவை. அவற்றால் கடிபடுவது பெரும்பாலும் குழந்தைகள். பழி மட்டும் நாய்க்குப் போகிறது.

“குரைக்கிற நாய் கடிக்காது” என்ற பழமொழியை நம்பி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகாதீர்கள். குரைப்பு, ‘கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். அதை மீறி நெருங்கினால் குரைத்த நாயே கடிக்கும்.

“வாலை ஆட்டுது, தொடு, ஒண்ணும் பண்ணாது” என்பதும் அப்படித்தான். வாலை ஆட்டும் நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. அது மகிழ்ச்சியா பதற்றமா என்பதை மற்ற உறுப்புகள்தான் சொல்லும். இடுப்பும் சேர்ந்து ஆடி, உடம்பு குழைந்து, வாய் தளர்ந்து திறந்திருந்தால் நட்பு. உடம்பு விறைத்து, வாய் மூடி, தூக்கிய வாலின் நுனி மட்டும் துடித்தால் எட்ட நிற்க வேண்டும். 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதை இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது நாயின் வால் வலப்பக்கமாகக் கூடுதலாக ஆடியது. முன்பின் அறியாத, ஆதிக்கம் காட்டும் நாயைக் கண்டபோது இடப்பக்கமாகக் கூடுதலாக ஆடியது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இன்னொரு நம்பிக்கை: “உறுமினா ஒரு அடி போடு, அடங்கிடும்.” அடங்கத்தான் செய்யும், ஆனால் அடங்குவது உறுமல் மட்டுமே. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முதலில் கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பும். பிறகு எழுந்து விலகிப் போகும், அல்லது காதைப் பின்னுக்கு மடித்துப் பதுங்கும். அதற்கும் நாம் விடாவிட்டால் உடம்பு அப்படியே உறையும், கண்ணின் வெள்ளை தெரியும், உறுமல் வரும். கடி கடைசிப் படி. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இந்த வரிசையை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டினார். உறுமியதற்கு அடி வாங்கும் நாய்க்கு அந்தப் படி இல்லாமல் போகிறது; அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். உறுமினால் குழந்தையை நகர்த்துங்கள், எதனால் உறுமியது என்று பாருங்கள். சாப்பாட்டுத் தட்டா, காதில் புண்ணா, தூக்கத்தில் மிதித்தார்களா என்று தேடினால் காரணம் அகப்படும்.

அடிப்பதற்குச் சொல்லும் நியாயம், ‘நாமதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்’ என்பது. இதன் வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் வெளியிட்ட ஆய்வு. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கின்றன என்றார் அவர். 1970-ல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மீச், 1999-ல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் கதை இல்லை. பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத பாடத்தை நம் வீட்டு நாய்மேல் நடத்த வேண்டாம்.

“தப்பு செஞ்சா அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க” என்பதும் தவறு. ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட சோதனையில், தவறே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைக் காட்டின. செருப்பைக் கடித்துப் பல மணி நேரம் கழித்துத் திட்டினால் நாய் புரிந்துகொள்வது உங்கள் கோபத்தை மட்டுமே.

“எங்க நாய் குழந்தையை ஒண்ணும் செய்யாது” என்று சொல்லும் பெற்றோரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: இரண்டையும் தனியே விட்டுப் போகாதீர்கள். சிறு குழந்தைகளை நாய் கடிக்கும்போது பெரும்பாலும் அது தெரிந்த நாயாகவே இருக்கிறது. முகத்திலும் தலையிலும்தான் காயம் படுகிறது. கழுத்தைக் கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது தப்பிக்க முடியாத பிடி. நாய் விலகிப் போய்ப் படுக்க ஒரு மூலை இருக்க வேண்டும், அங்கே குழந்தை போகக் கூடாது.

பெட்டை நாய் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதில் உண்மையில்லை. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கத்திரி வெயிலுக்குப் பொமரேனியனை மொட்டையடிக்காதீர்கள். அந்த அடர்ந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது; சீவி விட்டாலே போதும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்; அதைப் போடாதீர்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. “கடிச்சது நம்ம வீட்டு நாய்தானே, மஞ்சள் வைச்சாப் போதும்.” போதவே போதாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கலாம். கடித்த இடத்தைக் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புத்தூர் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பயம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004-ஓடு இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது பெரும்பாலும் புஜத்தில்தான் போடுகிறார்கள். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வது உண்டு. அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

குட்டி நாயின் கீறலும் இதில் சேர்த்தி. பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கீறலை மறைப்பார்கள். நாய் பல்லோ நகமோ பட்டால் உடனே வந்து சொல், திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.