கூட்டைச் சுற்றிச் சில கட்டுக்கதைகள்

பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பறவைகளில் பலவும் கூடும் குஞ்சுமாக இருக்கும். அவற்றைப் பற்றி வாய்வழியாக வந்த கதைகளும் அந்த நாட்களில்தான் அதிகம் காதில் விழுகின்றன. கேமராவோடு கிளம்புகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகிவரும்போது, அவற்றில் சிலவற்றையாவது திருத்திவிட வேண்டும்.

"காகம் தலையில் தட்டினால் ஆகாது."

வீட்டில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்து தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையே இல்லை. தட்டு விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். வேப்பங்கிளையிலோ மின்கம்பத்திலோ சுள்ளியும் கம்பித் துண்டுமாக ஒரு கூடு இருக்கும். குஞ்சு இருக்கும்வரை அந்தப் பக்கம் போகிற எவரையும் காகம் விரட்டும். குஞ்சு பறந்துவிட்டால் விரட்டுவதும் நின்றுவிடும். அதுவரை குடை பிடித்துக்கொண்டு போனால் போதும்.

"கூவுவது பெண் குயில்."

நன்றாகப் பாடும் பெண்களைக் குயில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த நீண்ட கூவல் கன்னங்கரிய ஆணுடையது. பெண் குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இலைக்குள் ஒளிந்திருக்கும். அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்ற வேகமான கீச்சொலி. குயில் வசந்தத்தில் எங்கிருந்தோ வருவதும் இல்லை. ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது. முட்டையிடக் காகக் கூடு தேவை என்பதால், காகம் கூடு கட்டும் பருவத்தில் அதன் குரலும் ஓங்குகிறது.

"வேடந்தாங்கலுக்குச் சைபீரியப் பறவைகள் முட்டையிட வருகின்றன."

அங்கே மரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாமே இந்த நாட்டுப் பறவைகள். வடக்கேயிருந்து வரும் வாத்துகள் குளிர்காலத்தில் இரை தேடி வந்து திரும்புகிறவை. அவற்றின் கூடு வடக்கேதான்.

"மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது."

இதை நம்பி, தரையில் கிடந்த மைனாக் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துப் பாலும் சோறும் ஊட்டுகிறார்கள்; பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. கை வாசனைக்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது; தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால், எட்டுகிற உயரமானால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம்.

"நான் தொடவில்லையே, படம்தானே எடுக்கிறேன்."

மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது இதுதான். ஆள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைப் பொட்டலில் சரளைக்கற்களுக்கு நடுவே லேசான ஒரு குழி. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்க, மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு. இரண்டடி தூரத்தில் நின்றாலும் கல்லென்றே தோன்றும். சித்திரை வெயிலில் அடைகாப்பது என்றால் சூடேற்றுவது அல்ல, சூடேறாமல் காப்பது. ஆணும் பெண்ணும் முறைவைத்து நிழல் தந்து நிற்கின்றன. தண்ணீருக்குப் போய் வயிற்றிறகை நனைத்துவந்து முட்டை மேல் உட்காருகின்றன. நாம் லென்ஸைச் சரிசெய்தபடி பக்கத்திலேயே நின்றால், அவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றுமே தவிர இறங்காது. அதற்குள் வெயில் முட்டையை வேகவைத்துவிடும். அப்போது எடுத்த படத்தைத்தான் 'கம்பீரமான பறத்தல்' என்று பாராட்டுகிறோம். எனக்கு அது பதறும் தாயின் படமாகவே தெரிகிறது.

ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே வகைதான். போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது நம்மைச் சுற்றிவருகிறது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி கையில் இருக்க வேண்டியதில்லை.

ஆள்காட்டி கத்தத் தொடங்கினால் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். தரையைப் பார்த்தபடி வந்த வழியே திரும்புங்கள். கூடு இருக்கும் இடத்தைக் குழுக்களில் பகிராதீர்கள். நாளைக்கு அங்கே இன்னும் பத்து கேமராக்கள் வந்து நிற்கும்.